இடுப்பில் கட்டிய மணல்

வெற்றியின் ரகசியம் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். உழைப்பு என்பேன். ஒரு பத்திரிகைக்காரர் அதை அப்படியே கொட்டை எழுத்தில் போட்டார். பொய். ரகசியம் ஒரு பை. கூடாரத் துணியில் தைத்து, மணல் நிரப்பி, பையன்களின் இடுப்பில் நான் கட்டிவிட்ட பை.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருந்த ஒரு கல்லூரியில் பதினேழு வருடம் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். பையன்களுக்கு நான் பி.டி. சார். அந்தப் பதினேழில் பதினொரு வருடம் பல்கலைக்கழக வாலிபால் கோப்பை எங்களிடம்தான் வந்தது. முதல்வர் அறைக்கு வெளியே கண்ணாடி பீரோவில் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. கடைசி வருடங்களில் நான் அந்த வராந்தா வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். லைப்ரரி பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கோச் என்றால் கொஞ்சம் கிறுக்கு இருக்கத்தான் செய்யும் என்று விட்டிருப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே சேர்ந்தபோது டீம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நெட்டில் பெரிய பெரிய ஓட்டை. இரண்டு பந்து, அதில் ஒன்று பஞ்சர். பையன்கள் பாதிப் பேர் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். மீதிப் பேர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையிலும் பிரஸ் ஷாப்பிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். சிட்டி கல்லூரிகளோடு ஆடப் போனால், எதிர் டீம் பையன்கள் எங்கள் பையன்களின் கேன்வாஸ் ஷூவைப் பார்த்துச் சிரிப்பார்கள். முதல் வருடம் முதல் சுற்றிலேயே தோற்று, எலக்ட்ரிக் டிரெயினில் திரும்பி வந்தோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வில்லிவாக்கம் தாண்டும்வரை எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். "வெட்கமா இல்லையாடா? எகிறத் தெரியாதவனுக்கு எதுக்குடா வாலிபால்? போய் கேரம் ஆடுங்கடா" என்றேன். கம்பார்ட்மென்டே திரும்பிப் பார்த்தது.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பிராக்டிசை நிறுத்த எனக்கு மனசில்லை. கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமென்டுத் தரை. சைக்கிள்களை ஒதுக்கிவிட்டு அங்கே குதிக்கச் சொன்னேன். விரல் நுனியில் சாக்பீஸ் பொடியைத் தடவிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து எகிறிச் சுவரைத் தொட வேண்டும். தொட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல் விழும். அதன் பக்கத்தில் அவனவன் பெயரின் முதல் எழுத்தை எழுதிவைப்பேன். மண்ணில் குதித்ததைவிட சிமென்டில் ஒவ்வொருவனும் நாலு விரற்கடை அதிகம் எகிறினான். ஆகா, இதுதான் விஷயமா என்று நான் துள்ளினேன். மழை விட்டது. மைதானம் காய்ந்தது. நாங்கள் மட்டும் மண்ணுக்குத் திரும்பவே இல்லை. குதிக்கிற பயிற்சி முழுவதும் அந்தச் சிமென்டுத் தரையிலேயே நடந்தது.

எகிறுவதற்குச் சிமென்டு நல்லதுதான். எகிறியவன் இறங்கவும் வேண்டுமே! அதை நான் யோசிக்கவில்லை. என் கண் முழுக்கச் சுவரின் மேல் இருந்தது.

பிறகுதான் பை. ஆவடி மார்க்கெட்டில் ஒரு கடையில் கூடாரத் துணி வெட்டுத்துண்டுகள் கிடைக்கும். அதை வாங்கி, ஒரு டெய்லரிடம் கொடுத்து, இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற மாதிரி நாடா வைத்து, இரண்டு பக்கமும் அறை வைத்துத் தைத்தேன். முதல் வருடம் ஐந்து கிலோ மணல். அடுத்த வருடம் எட்டு. அதற்கடுத்த வருடம் பத்து. பையைக் கட்டிக்கொண்டு காலையில் நூறு தடவை, மாலையில் நூறு தடவை சுவரைத் தொட வேண்டும். பிறகு பையை அவிழ்த்துவிட்டு நெட்டுக்குப் போனால், பையன்களுக்கு உடம்பே இல்லாத மாதிரி இருக்கும். "சார், கால் தரைல பாவ மாட்டேங்குது சார்" என்று ஒருவன் சொன்னது நினைவிருக்கிறது. மூன்றாவது வருடம் கோப்பை வந்தது. சிரித்த கல்லூரிகளெல்லாம் வாயை மூடிக்கொண்டன.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. அதை ஆரம்பித்தது நான் இல்லை, பையன்கள்தான். வளரவிட்டது நான். வலிக்கிறது என்று எவனாவது உட்கார்ந்தால் மற்றவர்கள் அவனை "பென்ஷன்" என்பார்கள். "மச்சான் பென்ஷன் வாங்கிட்டான்டா." குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் இல்லையா, அவர்களுக்கு அதைவிடப் பெரிய கேலி கிடையாது. பென்ஷன் வாங்கியவன் அன்றைக்கு முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்து ஷூக்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நானும் போகிற போக்கில், "என்ன தாத்தா, சௌக்கியமா?" என்று விசாரிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். உட்கார்ந்தவனும் சேர்ந்து சிரிப்பான். இரண்டே மாதத்தில் என் டீமில் வலி என்ற சொல்லே இல்லாமல் போனது. வலி போகவில்லை. சொல் மட்டும் போனது.

என் மனைவி ஒருத்திதான் கேட்டாள். "உங்களுக்குப் பல்லு வலின்னா வீடே ரெண்டாகுது. அந்தப் பசங்களுக்கு மட்டும் எப்படிங்க எதுவுமே வலிக்க மாட்டேங்குது?" உனக்கென்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டேன்.

எனக்கு முட்டி வலி தெரியாது. நான் ஆடிய காலத்தில் செட்டர். பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன். எகிறி அடிப்பது மற்றவர்கள் வேலை. அந்தப் பையை நான் ஒரு நாள், ஒரு தடவைகூட என் இடுப்பில் கட்டிப் பார்த்ததில்லை.

இப்போது அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். சுவரில் மிக உயரத்தில் இருந்த தீற்றல் அவனுடையது. அதற்கு மேல் இன்றுவரை யாரும் தொட்டதில்லை. குவார்ட்டர்ஸ் பையன். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். பையன் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கே என்பதால் அவன் பேச்சு சுத்தமான மெட்ராஸ். அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதைக் கேட்டால் இரண்டு ஊர்க்காரர்கள் பஸ்ஸில் சந்தித்துக்கொண்ட மாதிரி இருக்கும். அவனுக்குக் கீழே இரண்டு தங்கைகள், பள்ளிக்கூடத்தில்.

அவன் மூன்றாம் வருடம் படித்தபோது அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. மாசி முடிந்தால் வேலை முடிகிறது. அதன்பின் சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சொந்த ஊரில் வீடு இல்லை, இங்கேயும் இல்லை. பையனுக்கு அதே தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டால் வீட்டை அவன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். தங்கைகள் அதே பள்ளிக்கூடத்துக்கே போகலாம். அந்தக் குடும்பத்தின் மொத்த நம்பிக்கையும் அதில்தான் இருந்தது. தொழிற்சாலை வாலிபால் டீமுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுத்தார்கள். நானே அவனை ட்ரயலுக்குக் கூட்டிப்போனேன். அவன் முதல் பந்தை அடித்த அடியில் அங்கே இருந்த சீனியர் ஒருவர், "நைனா, இவன் ஒருத்தன் போதும், மத்தவன எல்லாம் ஊட்டுக்கு அனுப்பு" என்றார். எடுத்தாகிவிட்டது. மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. ஒரு திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக ஃபைனல்.

அந்த வாரம் புதன்கிழமை அவன் அப்பா என்னைப் பார்க்க வந்தார். தொழிற்சாலை உடுப்போடு, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார்வாள், ஒரு வார்த்தை கேக்கணும். பய நடக்கதே சரியில்ல. மாடிப்படி இறங்கையில செவத்தப் பிடிச்சிட்டு இறங்குதான். கேட்டா ஒண்ணுமில்லங்கான். மெடிக்கல் முடியுத வரைக்கும் அவன ஆட விடாதீங்க சார். உங்க பேச்சத்தான் கேப்பான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார். வாசல்வரை போய்த் திரும்பி, இன்னொரு தடவை கூப்பினார். பார்த்துக்கொள்கிறேன் என்ற சொல்லை அதற்குப்பின் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் பிராக்டிஸ் முடிந்து எல்லோரும் போனபின் அவன் நின்றான். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவன் வாயிலிருந்து அது வந்தது.

"சார், இந்த முட்டி உள்ள இன்னாவோ நோவுது சார். குந்தினா ஏந்திரிக்க முடியல."

பேன்ட்டைச் சுருட்டச் சொன்னேன். முட்டி வீங்கி, பளபளவென்று இருந்தது. கை வைத்தேன், சுட்டது. எனக்குப் பயம் பிடித்தது. அவனுக்காகப் பயந்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. நாளைக்கு ஃபைனல். அவன் இல்லாமல் ஃபைனல். அதுதான் பயம். மூன்றாவது வருடமாகத் தொடர்ந்து கோப்பையை எடுக்கப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் சைக்கிளில் கூட்டிப்போனேன். சின்ன கிளினிக். முன்னால் ஒரு மர பெஞ்சு, நடுவில் ஒரு பச்சைத் துணித் திரை, அதற்குப் பின்னால் டாக்டரின் மேஜை. டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், அவனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"ஜவ்வு போயிட்டிருக்கு சார்" என்றார் என்னிடம். "இப்ப விட்டா தப்பிச்சிடும். ஒரு மாசம் குதிக்கவே கூடாது. படியேறுறதைக்கூட குறைக்கணும்."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும், டாக்டர். ஒரு ஊசி போடுங்க."

"ஊசி போட்டா அவனுக்கு வலி தெரியாது. அதான் ஆபத்தே. வலி தெரியாம ஆடினான்னா மொத்தமா கிழிச்சுக்குவான்."

"ஒரே ஒரு மேட்ச்."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டை எடுத்து ஏதோ எழுதினார். நாளை காலையில் வந்தால் போடுகிறேன், பொறுப்பு உங்களுடையது என்றார். நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான்.

"டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டார்டா" என்றேன். "சுளுக்குதான். காலைல ஒரு ஊசி போட்டா சரியாப்போயிடும்."

"சரி சார்" என்றான்.

எழுதிவிட்டேன். இத்தனை வருடமாக என் மனைவிக்குத் தெரியாது, முதல்வருக்குத் தெரியாது, சக ஆசிரியர்களுக்குத் தெரியாது. கோயிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை. மணல் பையைப் பற்றி ஒருமுறை சொன்னேன். பிள்ளைகளை அதிகமாக வருத்திவிட்டேன் சாமி என்றேன். சாமியார், தெரியாமல் செய்தது பாவத்தில் சேராது மகனே, மூன்று அருள் நிறை மரியே ஜெபம் சொல் என்றார். சொல்லிவிட்டு வந்தேன். தெரியாமல் செய்ததற்குக் கிடைத்த மன்னிப்பைத் தெரிந்து செய்ததற்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்த அயோக்கியன் நான்.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் ஊசி போட்டார். ஃபைனல் ஐந்தாவது செட்டுக்குப் போனது. அந்தக் காலத்து வாலிபாலில் சர்வீஸ் போடுகிற டீமுக்கு மட்டும்தான் பாயின்ட். எதிர் டீம் ஜெயித்தால் சர்வீஸ் மாறும், அவ்வளவுதான், பாயின்ட் ஏறாது. பதிமூன்றுக்குப் பதிமூன்றில் போய் மாட்டிக்கொண்டோம். சர்வீஸ் அந்தப் பக்கம் போகிறது, இந்தப் பக்கம் வருகிறது, மறுபடி அந்தப் பக்கம் போகிறது. ஸ்கோர் போர்டில் அசைவே இல்லை. ஒவ்வொரு தடவையும் செட்டர் பந்தை அவனுக்குத்தான் தூக்கினான். வேறு யாருக்குத் தூக்குவான்? ஒவ்வொரு தடவையும் அவன் எகிறினான். பிளாக் போட எகிறினான், அடிக்க எகிறினான், இறங்கியதும் மறுபடி எகிறினான். ஒருமுறை இறங்கும்போது வலது காலைத் தரையில் வைக்காமல் இடது காலில் மட்டும் இறங்கினான். நான் பார்த்தேன். கேலரியில் ஆயிரம் பேர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் ஒருவன்தான் அந்தக் காலைப் பார்த்தேன். ஆளை மாற்ற எனக்கு உரிமை இருந்தது. கையைத் தூக்கினால் போதும். தூக்கவில்லை. "ஏறுடா! ஏறு!" என்று கத்தினேன்.

ஏறினான். பதினைந்துக்குப் பதிமூன்று. கடைசிப் பந்தை அவன் அடித்த இடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடித்துவிட்டு இறங்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சந்தோஷத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று எல்லோரும் ஓடிப்போய் அவன்மேல் விழுந்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நால்வர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அதனால் அவன் நடக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை மெடிக்கல். நான் வெளியே மரத்தடியில் நின்றேன். உயரம், எடை, கண், நெஞ்சு எல்லாம் சரி. கடைசியில் கையை முன்னால் நீட்டி, பத்து தடவை உட்கார்ந்து எழச் சொல்லியிருக்கிறார்கள். என் பையன், இடுப்பில் பத்து கிலோவோடு ஒரு நாளைக்கு இருநூறு தடவை எகிறியவன், ஒருமுறை உட்கார்ந்தான். எழ முடியவில்லை. பக்கத்தில் இருந்த மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தானாம். மேஜையைத் தொடாமல் செய் என்றாராம் மருத்துவர். மறுபடியும் உட்கார்ந்தான்.

வெளியே வந்து, "போச்சு சார்" என்றான். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். நான் ஸ்டாண்டு எடுத்த சைக்கிளை என் கையிலிருந்து வாங்கி, அதைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு நடந்தான்.

ஆனியில் வீட்டைக் காலி செய்தார்கள். நான் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. சாமான்களை லாரியில் ஏற்றக் கை கொடுத்தேன். மரக்கட்டில், தையல் மிஷின், பாத்திர மூட்டை, சுவரிலிருந்து கழற்றிய படங்கள். அவன் ஜெயித்த மெடல்களை ஒரு பால் பவுடர் டப்பாவில் போட்டு இளைய தங்கை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் அம்மா, எல்லாம் கட்டியாகிவிட்ட வீட்டில் எங்கிருந்தோ ஒரு டம்ளரைத் தேடி எடுத்து எனக்குக் காப்பி கொடுத்தார்.

"நீங்க எவ்வளவோ பண்ணுனிய சார். எங்க நேரம், அவன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து காலைக் கெடுத்துக்கிட்டான்."

பாத்ரூமில் விழுந்ததாக வீட்டில் சொல்லியிருக்கிறான்! அவன் பக்கம் திரும்பினேன். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. அப்பா லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து வெறுமனே எதிரில் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவர் கையைக் கூப்பவில்லை. காப்பியைக் குடித்தேன். பூந்தமல்லியைத் தாண்டி எங்கோ ஒரு ஒண்டுக்குடித்தனத்துக்குப் போனார்கள். மூத்த தங்கை பத்தாவதோடு நின்றாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப்பின் நான் பையைத் தூக்கி எறிந்தேன் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? எறியவில்லை. அடுத்த ஆனியில் புதுப் பையன்கள் வந்தார்கள், புது மணல் கொட்டினேன். கோப்பை வந்துகொண்டிருந்தது. கோப்பை வருகிறவனிடம் யார் கேள்வி கேட்பார்கள்? நானும் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் ஒருவனுக்கு ஆனது துரதிர்ஷ்டம், எலும்பு பலம் போதாது, சின்ன வயதில் சரியான சாப்பாடு இல்லை என்று ஏதேதோ சொல்லிக்கொண்டேன். வேறு மாவட்டங்களிலிருந்து கோச்சுகள் வந்து பையின் அளவைக் குறித்துக்கொண்டு போனார்கள். எங்கள் டெய்லருக்கு ஆர்டர் குவிந்தது. எத்தனை ஊரில், எத்தனை சைக்கிள் ஸ்டாண்டில், எத்தனை பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் தலை சுற்றுகிறது.

எனக்கு உறைத்தது அம்பத்தூர் ஸ்டேஷனில். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை. மேம்பாலப் படிக்கட்டில் எனக்கு முன்னால் ஒருவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, நின்று, அடுத்த படிக்குப் போய்க்கொண்டிருந்தான். பின்னால் கூட்டம் நெருக்கியது. "யோவ், சீக்கிரம் போய்யா, வண்டி வந்துகினு கீது" என்று யாரோ கத்தினார்கள். திரும்பினான். என் செட்டர். நான் தூக்கிக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தவன். முப்பது வயது ஆகியிருக்காது. என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல். "சார்! நல்லா கீறீங்களா சார்?" என்று அந்த நெருக்கடியிலும் என் காலைத் தொடக் குனிந்தான், பாதியிலேயே முடியாமல் நிமிர்ந்து சிரித்தான்.

அதற்குப்பின் படிக்கட்டு இருக்கும் இடமெல்லாம் என் கண் தேடியது. அதே மாதத்தில் இன்னொருவனை பஸ் படியில் பார்த்தேன். ஒருவன் மாதா கோயிலில், பூசை நேரத்தில் எல்லோரும் முழந்தாளிட, அவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு வரிசை முன்னால் நான் சுகமாக முழந்தாளில் இருந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இருந்த பைகளையெல்லாம் எடுத்து, கிழித்து, மணலைக் கொல்லையில் கொட்டினேன். பத்து வருடம் தாமதம். எந்த முட்டிக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தொண்ணூறுகள் முடியும் நேரத்தில் ஓய்வு பெற்றேன். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் பழைய டீம்காரர்கள் விழா எடுத்தார்கள். கல்லூரி மைதானத்திலேயே பந்தல் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் முப்பது, முப்பத்தைந்து வயது. தொந்தி, வழுக்கை, தோளில் தூக்கிய குழந்தை. அவனும் வந்திருந்தான். பன்னிரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறேன். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கோடவுனில் கேட்டில் வேலையாம். நாற்காலியில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிற வேலை. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது என்றான். வலது காலை மடக்காமலே நடந்தான்.

பந்தலுக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு அப்படியே இருந்தது. அவன் அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நான் போனேன். வெள்ளையடித்து வெள்ளையடித்து எல்லாத் தீற்றலும் மறைந்துவிட்டிருந்தது. சொல்லிவிட வேண்டும், இன்றைக்கு விட்டால் செத்துப்போவேன் என்று தோன்றியது.

"டேய், அன்னைக்கு அந்த டாக்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார்" என்றான்.

"என்னடா தெரியும்?"

"ஜவ்வு போச்சு, ஒரு மாசம் குதிக்கக் கூடாதுன்னாரு. துணி ஸ்க்ரீனுக்கு இந்தாண்டதான சார் குந்திகினு இருந்தேன். எல்லாம் காதுல வுழுந்துச்சு."

"அப்புறம் ஏண்டா பாவி ஆடுனே?"

நான் ஏதோ புரியாததைக் கேட்டுவிட்ட மாதிரிப் பார்த்தான். "நீங்க வெளிய வந்து ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே சார். டாக்டருக்கு இன்னா தெரியும், நம்ம சாருக்குத் தெரியாததான்னு நெனச்சேன்."

"உங்க அப்பாகிட்ட?"

"சொல்லல சார். அவுரு உங்கள தப்பா நெனச்சிக்குவாரு."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிடு என்ற சொல் நாக்குவரை வந்தது. அதைச் சொன்னால் அவன் உடனே, அய்யோ சார், விடுங்க சார் என்பான் என்று தெரிந்தது. அந்த மன்னிப்பும் எனக்கு இலவசமாகக் கிடைத்துவிடும். அதற்குள் போட்டோக்காரர் மைதானத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்.

டீம் போட்டோவுக்கு ஒரு முறை உண்டு. பின் வரிசை நிற்கும், நடு வரிசையில் நாற்காலி, முன் வரிசை ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி உட்காரும். வருடா வருடம் அப்படித்தான் எடுப்போம். போட்டோக்காரர் சின்னப் பையன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. "அண்ணே, முன்னாடி ஒரு ஆறு பேரு முட்டி போட்டு குந்துங்கண்ணே" என்றான்.

யாரும் அசையவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு படிக்கட்டில் பார்த்த அந்த செட்டர்தான் சிரித்தான். "அண்ணாத்தே, நாங்க அல்லாரும் பென்ஷன் வாங்கிட்டோம், நீ சேர் எடுத்தா!" பந்தலே சிரித்தது. அவனும் சிரித்தான், இடது காலில் எடையைப் போட்டுக்கொண்டு. பத்தொன்பது பேர் நின்றார்கள். ஒருவனால்கூட முட்டி போட முடியவில்லை.

எனக்கு நடுவில் மாலை போட்ட நாற்காலி வைத்திருந்தார்கள். நான் அதில் உட்காரவில்லை. முன்னால் போய், வெறும் தரையில், இரண்டு முட்டியையும் ஊன்றி உட்கார்ந்தேன். சார் வேணாம் சார், ஏந்திரிங்க சார் என்று பின்னால் சத்தம் போட்டார்கள். எழவில்லை. படத்தை அப்படியே எடுத்தார்கள்.

அந்தப் படம் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மனைவிதான் மாட்டினாள். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய கோச், மாணவர்களை நிற்கவைத்துத் தான் கீழே உட்கார்ந்திருக்கிறாரே, என்ன பணிவு என்கிறார்கள். காப்பி சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விடுவேன்.